முதுநிலை நரம்புயிரியலும் தமிழ்த்துறையின் கடமையும்: கொங்குநாட்டை முன்வைத்து ஒரு கருத்துரை

முன்னுரை

கோவையிலும் அதனைச் சூழ்ந்த கொங்கு மாவட்டங்களிலும் விலங்கியல், உயிர்வேதியியல், உயிரித்தொழில்நுட்பம் முதலிய துறைகளில் முதுநிலை பயிலும் மாணவர்க்கு நரம்புயிரியல் பாடத்தின் ஒரு பகுதியாக அமைகிறது. அதில் மேலும் ஆழ்ந்து பயில விழைவோர் பெங்களூரு நிம்ஹான்ஸ், அரியானா மாநிலம் மானேசரிலுள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம் போன்ற நிறுவனங்களை நாடுகின்றனர். இவர்களுள் பலர் மேல்நிலை வகுப்புவரை அரசுப் பள்ளிகளில் தமிழ்வழியில் கற்றவர்கள். பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் பெருமூளை, சிறுமூளை, முகுளம், தண்டுவடம் எனத் தமிழிலேயே நரம்பு மண்டலத்தை அறிந்தவர்கள். கல்லூரியில் நுழைந்தபின் அதே பொருளை ஆங்கிலத்தில் மட்டும் கற்கின்றனர். தேர்வில் வெற்றியும் பெறுகின்றனர். ஆயினும் தாம் கற்றதைத் தமிழில் ஒரு பக்கம் எழுதவோ, பத்து நிமிடம் விளக்கவோ அவர்களுள் பெரும்பாலோர்க்கு இயலுவதில்லை.

இது அறிவியல் துறைகளின் சிக்கல் என்று தமிழ்த்துறைகள் ஒதுங்கியிருப்பது முறையன்று. முதுநிலை நரம்புயிரியலை ஆங்கிலத்திலிருந்து முற்றும் தமிழுக்கு மாற்றவேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம் அன்று. ஆங்கிலக் கல்வி தொடரட்டும்; அதனோடு தமிழில் விளக்கவும் எழுதவும் வல்ல பயிற்சி இணையவேண்டும். அப்பயிற்சிக்குத் தேவைப்படுவது கலைச்சொற்பட்டியல் மட்டுமன்று. பொருளை வழிநடத்திச் செல்லும் தமிழ்ப் பாடநடையாகும். அந்நடையை உருவாக்குவதில் மொழியறிந்தார்க்கு நேரடிப் பங்கு உண்டு என்பதே இங்கு வலியுறுத்தப்படும் கருத்து.

சொல்லாக்கத்தில் இலக்கியப் புலவரின் பங்கு

நரம்பியலின் அடிப்படைச் சொற்கள் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் தோன்றியவை. 'நியூரான்' என்னும் சொல்லை 1891இல் செருமானிய அறிஞர் வால்டயர் வழங்கினார். 'ஆக்சான்' 1896இல் கோலிக்கரால் வழக்கிற்கு வந்தது. இவற்றைத் தொடர்ந்து தோன்றிய 'சினாப்ஸ்' என்னும் சொல்லின் வரலாறு தமிழாய்வாளர் அறியத்தக்கது.

ஒரு நரம்பணுவும் மற்றொரு நரம்பணுவும் சந்திக்கும் இடத்திற்குப் பெயரிடவேண்டிய தேவை சார்லஸ் ஷெரிங்டனுக்கு ஏற்பட்டது. மைக்கேல் ஃபாஸ்டர் எழுதிய உடலியங்கியல் பாடநூலின் புதிய பதிப்பிற்கு நரம்பு மண்டலம் பற்றிய பகுதியை அவர் எழுதிவந்தார். 'சின்டெசம்' என்னும் சொல்லை அவர் முதலில் முன்மொழிந்தார். ஃபாஸ்டர் அதனைக் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியின் ஆர்தர் வெராலிடம் கொண்டு சென்றார். வெரால் உடலியங்கியல் அறிந்தவர் அல்லர். கிரேக்க நாடகாசிரியர் யூரிப்பிடீசின் படைப்புகளில் தோய்ந்த இலக்கியப் புலவர். பற்றிக்கொள்ளுதல் என்னும் பொருளுடைய கிரேக்க வேரிலிருந்து 'சினாப்ஸ்' என்னும் வடிவத்தை அவர் பரிந்துரைத்தார். அது பெயரடையாகத் திரிவதற்கு எளிதாயிருந்தமையால் ஏற்கப்பட்டு, 1897இல் வெளிவந்த பதிப்பில் இடம்பெற்றது.

இச்செய்தியில் இரண்டு உண்மைகள் புலனாகின்றன. ஒன்று, உலகெங்கும் நரம்புயிரியல் பயில்வோர் நாள்தோறும் வழங்கும் ஒரு சொல்லைத் தந்தவர் பழைய இலக்கியம் கற்ற ஒருவர். மற்றொன்று, அச்சொல் தேர்ந்தெடுக்கப்பட்டதற்குப் பொருட்பொருத்தம் மட்டும் காரணமன்று. அது பிற சொற்களை ஈனும் ஆற்றலுடையதா என்னும் இலக்கண நோக்கும் காரணம். சொல் தனித்து நிற்பதற்காக ஆக்கப்படுவதன்று; தொடரில் இயங்குவதற்காக ஆக்கப்படுவது. இவ்வுண்மையைத் தமிழ்க் கலைச்சொல்லாக்க முயற்சிகள் போதிய அளவு பின்பற்றவில்லை.

கொங்குநாட்டின் முன்முயற்சிகள்

அறிவியலைத் தமிழில் சொல்லும் முயற்சி கொங்குநாட்டிற்குப் புதிதன்று. அறிவியற் கலைச்சொற்களுக்கென ஒரு சங்கம் 1916இல் சேலத்தில் இராசாசி முதலியோரால் தொடங்கப்பட்டது. பின்னாளில் 'திண்ணை இரசாயனம்' என வேதியியலை எளிய தமிழில் எழுதிய இராசாசியின் ஈடுபாட்டிற்கு அச்சங்கம் முன்னோடி எனலாம். ஜி. ஆர். தாமோதரனின் முயற்சியால் 1948இல் கோவையிலிருந்து வெளிவரத் தொடங்கிய 'கலைக்கதிர்' அறிவியலுக்கென்றே அமைந்த தமிழ்த் திங்களிதழாகும். பொள்ளாச்சிப் பகுதியிற் பிறந்த சி. சுப்பிரமணியம் கல்வியமைச்சராயிருந்த காலத்தில், 1960இல் கோவை அரசு கலைக் கல்லூரியில் கலைப்பாடங்களுக்கான பட்டப்படிப்பு தமிழ்வழியில் தொடங்கப்பெற்றது. கல்லூரித் தமிழ்வழிக் கல்விக்கான அரசின் சோதனைக்களமாகக் கோவை அமைந்தது.

நரம்புயிரியலுக்கு மிக நெருங்கிய முன்மாதிரி பெரியசாமித் தூரன். ஈரோட்டுப் பகுதியிற் பிறந்து, பெரியநாயக்கன்பாளையம் இராமகிருட்டிண வித்தியாலயத்தில் ஆசிரியப்பணி ஆற்றிய அவர், தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் கலைக்களஞ்சியப் பத்துத் தொகுதிகளுக்கும் முதன்மைப் பதிப்பாசிரியர். அவரை இசைப்பாடலாசிரியராகவும் கலைக்களஞ்சியப் பதிப்பாசிரியராகவும் தமிழுலகம் போற்றுகிறது. ஆனால் மரபியல் பற்றிப் 'பாரம்பரியம்', கருவளர்ச்சி பற்றிக் 'கருவில் வளரும் குழந்தை', உளவியல் பற்றி 'மனமும் அதன் விளக்கமும்', 'அடிமனம்' ஆகிய நூல்களை எழுதிய தூரனைத் தமிழ்த்துறைகள் போதிய அளவு கற்பிக்கவில்லை. கவிஞர் ஒருவர் உயிரியலையும் மனத்தையும் தமிழ் உரைநடையில் எவ்வாறு விளக்கினார் என்பது முதுநிலைத் தமிழ் மாணவர்க்கு இன்றியமையாப் பாடமாகும்.

இம்முயற்சிகளின் எல்லையையும் சுட்டவேண்டும். இவை பொதுவாசகரையும் பள்ளி, இளநிலை மாணவரையும் நோக்கியவை. முதுநிலையில் ஓர் ஆய்வு எவ்வாறு நிகழ்த்தப்பட்டது, அதன் முடிவு எவ்வாறு பெறப்பட்டது, அதனை மறுப்பார் எவ்வாறு மறுத்தனர் என்னும் வாதமுறை தேவைப்படுகிறது. தமிழில் அவ்வாதநடை வளர்வதற்குள் கல்லூரி அறிவியல் ஆங்கிலத்தோடு அமைந்துவிட்டது. தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகம் மருத்துவப் பாடநூல்களைத் தமிழாக்கும் பணியை அண்மையில் மேற்கொண்டுள்ளமை வரவேற்கத்தக்கது. எனினும் நூல் வந்தபின் அதனைப் பயன்கொள்ளும் வகுப்பறையும் வேண்டும்.

இத்தகைய வகுப்பறை தமிழில் இருந்ததற்கு ஈழம் சான்று. அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். 'இரண வைத்தியம்' (1867), 'மனுஷ அங்காதிபாதம்' (1872), 'கெமிஸ்தம்' (1875) ஆகியன அக்கல்விக்காக எழுந்த நூல்களுட் சில. மாணவர் முன் இருந்தமையால் நூல் பிறந்தது. நூல் இருந்தமையால் சொல் வழங்கியது. பின்வந்த நம் முயற்சிகள் பல இவ்வரிசையைத் தலைகீழாக்கி, முதலில் சொற்பட்டியலைத் தொகுத்துவிட்டு மாணவர்க்காகக் காத்திருந்தன.

'நரம்பு' என்னும் சொல்

நரம்புயிரியலின் முதற்சொல்லே தமிழில் தெளிவு வேண்டி நிற்கிறது. பழந்தமிழ் இலக்கியத்தில் 'நரம்பு' யாழின் இசையெழுப்பும் இழையைக் குறித்தது. உடலின் இழைபோன்ற உறுப்புகளையும் குறித்தது. தாவரவியலில் இலையின் ஓட்டங்கள் நரம்புகள். அவை அமைந்த முறை நரம்பமைவு. பேச்சுவழக்கில் கையின்மேல் புடைத்துத் தெரியும் சிரையும் நரம்பே. சிரைவழி மருந்து செலுத்துவதை 'நரம்பு ஊசி' என்றே கொங்குநாட்டு மக்கள் கூறுவர். காலில் சிரை முறுக்கிப் புடைத்தலும் 'நரம்பு சுருட்டல்' எனப்படும். 'நரம்புத் தளர்ச்சி' என்பதோ சுவர் விளம்பரங்களின் வழியே முற்றிலும் வேறொரு பொருளைப் பெற்றுவிட்டது.

இதன் விளைவு நடைமுறையில் காணத்தக்கது. நீரிழிவு நோயால் பாதத்தின் உணர்வு நரம்புகள் கெட்டிருப்பதை ஒருவர்க்கு விளக்கும்போது, அவர் இரத்த ஓட்டம் நின்றுவிட்டதாகப் புரிந்துகொள்ளக்கூடும். 'மதமதப்பு', 'மரத்துப்போதல்', 'எரிச்சல்', 'ஊசி குத்துதல்' என அவர் தம் உணர்வுகளை நுட்பமாக வேறுபடுத்திச் சொல்லும்போது, ஆங்கிலத்தில் மட்டும் பயின்றவர் அவற்றைத் தாம் கற்ற வகைப்பாட்டோடு பொருத்த அறியாது நிற்கக்கூடும். இருபுறமும் அறிவு உண்டு. இடையில் சொல் இல்லை.

விழுப்புரத்திற் பிறந்து சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற வி. எஸ். இராமச்சந்திரன், உறுப்பை இழந்தவர்க்கு இல்லாத உறுப்பில் தோன்றும் வலியை ஆராய்ந்து, கண்ணாடிப் பெட்டி ஒன்றைக்கொண்டு அவ்வலியைத் தணிக்க முயன்றமை உலகறிந்தது. கண்ணாடியில் தோன்றும் நலமான கையின் உருவம், இழந்த கை அசைவதுபோன்ற காட்சியை மூளைக்குத் தருகிறது. ஆலைகளும் விசைத்தறிகளும் மிகுந்த கொங்குநாட்டில் இயந்திரத்தில் கையிழந்தவர் ஒருவர் 'இல்லாத கை வலிக்கிறது' என்றால், அதனைப் பிதற்றல் எனக் கருதாமல் மூளையின் இயல்பெனத் தமிழில் விளக்குவார் வேண்டும். அவ்விளக்கம் மருத்துவமனைக்குள் மட்டும் நிகழ்ந்தால் போதாது.

பட்டியலும் பாடநடையும்

'நியூரான்' என்பதற்கு நரம்பணு, நரம்புயிரணு, நரம்புச்செல், நரம்புக்கலம் எனப் பல சொற்கள் வழங்குகின்றன. இலங்கைத் தமிழில் உயிரணுவிற்குக் 'கலம்' நிலைபெற்றுள்ளது; தமிழ்நாட்டுப் பள்ளிநூல்கள் 'செல்' என்கின்றன. இவற்றுள் எது சிறந்தது என்னும் விவாதத்திலேயே கருத்தரங்குகள் முடிந்துவிடுகின்றன. இக்கட்டுரை 'நரம்பணு' என்பதைக் கொள்கிறது. வேறொன்றைக் கொள்வார்க்கும் பெரிய இழப்பில்லை. தொடருக்குள் சொல் எவ்வாறு இயங்குகிறது என்பதே முதன்மையான வினா.

ஓர் எடுத்துக்காட்டு. சினாப்சின் இருபுறத்தும் உள்ள நரம்பணுக்களை ஆங்கிலம் முன், பின் என்னும் பொருள்தரும் முன்னொட்டுகளால் வேறுபடுத்துகிறது. அவற்றை அப்படியே 'இணைவாய்முன் நரம்பணு', 'இணைவாய்ப்பின் நரம்பணு' எனப் பெயர்த்தால் மயக்கம் நேர்கிறது. தமிழில் 'முன்' காலத்தையும் குறிக்கும், எதிரேயுள்ள இடத்தையும் குறிக்கும். இணைவாய்க்கு முன்னே நிற்பது செய்தியைத் தருவதா, பெறுவதா என்பது சொல்லிலிருந்து விளங்கவில்லை. தமிழிலக்கணமோ இரண்டு மொழிகள் சந்திக்கும் இடத்தை ஆராய்ந்தபோது முன், பின் என்று மட்டும் கூறி அமையாமல் நிலைமொழி, வருமொழி எனச் செயலால் பெயரிட்டது. அம்முறையைப் பின்பற்றித் 'தருநரம்பணு', 'பெறுநரம்பணு' என வினைத்தொகையாக்கினால் மயக்கம் நீங்குகிறது. செய்தி செல்லும் திசையும் சொல்லிலேயே அமைகிறது. இத்தகைய தீர்வை அறிவியல் மாணவர் தனித்துக் காண்பது அரிது. தமிழ் மாணவரும் சினாப்சின் இயல்பறியாது காண்பது அரிது.

மற்றோர் எடுத்துக்காட்டு நரம்பணுச் சவ்விலுள்ள அயனி வழிகள். இவற்றை 'அயனிக் கால்வாய்' என்று எழுதுவோர் உளர். ஆனால் கால்வாய்க்குத் திறந்தடைக்கும் இயல்பு பெயரளவில் இல்லை. ஆகவே 'வாயில் கொண்ட கால்வாய்' என மேலும் ஒட்டவேண்டியதாகிறது. காலிங்கராயன் வாய்க்காலிலும் பவானிப் பாசனத்திலும் வயலுக்கு நீர் பாய்ச்சும் உழவர்க்கு 'மடை' என்பது வழியையும் அவ்வழியின் திறப்படைப்பையும் ஒருங்கே குறிக்கும் சொல். 'சோடிய மடை', 'பொட்டாசிய மடை' என்று கொண்டால் நரம்புத் துடிப்பைப் பின்வருமாறு எழுதலாம்.

நரம்பணு ஓய்ந்திருக்கையில் அதன் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் எதிர்மின் நிலையில் இருக்கும். வெளியே சோடியம் மிகுதி; உள்ளே பொட்டாசியம் மிகுதி. தூண்டல் ஓர் எல்லையைக் கடந்ததும் சோடிய மடைகள் திறக்கின்றன. சோடியம் உட்பாய்வதால் உட்புறம் நேர்மின் நிலையடைகிறது. விரைவில் அம்மடைகள் அடைபடுகின்றன. பொட்டாசிய மடைகள் திறந்து பொட்டாசியம் வெளியேற, பழைய நிலை மீள்கிறது. ஓரிரு மில்லிநொடிகளில் இவை நிகழ்ந்து முடிகின்றன. ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி ஆகிய இருவரும் கணவாயின் பெருநரம்பிழையில் அளந்து 1952இல் வெளியிட்ட விளக்கத்தின் சாரம் இதுவே.

மேற்கண்ட பத்தியில் சோடியம், பொட்டாசியம், மில்லிவோல்ட் ஆகியன கடன்சொற்கள். அவை தடையாக இல்லை. தொடர்கள் தமிழின் இயல்பான வினைமுற்றில் முடிவதாலேயே பொருள் விளங்குகிறது. ஆங்கிலத்தின் ஒரு நீண்ட தொடரைப் பெயரெச்ச அடுக்காக்கி இறுதியில் ஒரு பெயரில் நிறுத்தும் மொழிபெயர்ப்பு நடையில் சொல்லெல்லாம் தூய தமிழாயினும் பொருள் விளங்காது. உவமையின் எல்லையையும் பாடநடை சுட்டவேண்டும். நீர் மேட்டிலிருந்து பள்ளத்திற்குப் பாயும்; அயனியோ செறிவு வேறுபாடு, மின் வேறுபாடு என்னும் இரண்டாலும் உந்தப்படும். 'மடை' எதுவரை பொருந்தும், எங்கே பொருந்தாது என்று மாணவர் சொல்ல வல்லவரானால், அவர் மனப்பாடத்தைக் கடந்து பொருளைக் கற்றவராகிறார்.

தமிழாய்வுக்கு வரும் பயன்

அறிவியலுக்குத் தமிழ் செய்வது ஒருபுறமிருக்க, நரம்புயிரியலால் தமிழாய்வு பெறும் பயனும் உண்டு. மூளையின் குறிப்பிட்ட பகுதி சிதைந்தால் பேச்சு கெடுவதை 1861இல் ப்ரோக்காவும், பேச்சுப் பொருளுணர்வு கெடுவதை 1874இல் வெர்னிக்கும் வெளியிட்டனர். அதன்பின் எழுந்த ஆய்வுகள் ஐரோப்பிய மொழிகளையே மிகுதியும் அடிப்படையாகக் கொண்டவை. இலக்கணச் சிதைவுற்ற ஆங்கிலேயர் விகுதிகளை விட்டுவிட்டுப் பேசுவர். விகுதியற்ற வினையடி ஆங்கிலத்தில் தனிச்சொல்லாக நிற்கும். எபிரேயம் போன்ற மொழிகளில் விகுதியை நீக்கினால் சொல்லே நில்லாது. அங்கு நோயாளர் ஒரு வடிவத்திற்கு மாறாக மற்றொன்றை இடுகின்றனர்.

தமிழில் என்ன நிகழும்? திணை, பால், எண், இடம் உணர்த்தும் விகுதிகளும், இடைநிலைகளும், வேற்றுமை உருபுகளும் அடுக்கி வரும் மொழி இது. 'வா', 'போ' என்னும் வினையடி தனித்து நின்றால் ஏவலாகிப் பொருள் மாறும். இவ்வினாவை எழுப்பவே இலக்கணப் பயிற்சி வேண்டும். ஆராய நரம்பியற் பயிற்சி வேண்டும். தமிழின் இரட்டை வழக்கு இதனை மேலும் நுட்பமாக்குகிறது. கொங்குத்தமிழ் மட்டுமே பேசி வாழ்ந்த முதியவர் ஒருவரின் பேச்சுக்கேட்டை எழுத்துத்தமிழ்த் தொடர்களைக்கொண்டு சோதித்தால், அளக்கப்படுவது நோயன்று. அவர் பெற்ற பள்ளிக்கல்வி. சொல்தோறும் 'ங்க' சேர்த்து மரியாதை காட்டும் வழக்கு நோயின்பின் எஞ்சுகிறதா, சிதைகிறதா என்பதும் ஆராயத்தக்கது. வட்டார வழக்காய்வில் தேர்ந்த தமிழ்த்துறைகள் இத்துறைக்குக் கொடுக்க வல்லன பல.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. தொல்காப்பிய மரபியலின் அறிவுவகைப்பாட்டிலும் மெய்ப்பாட்டியலின் எண்வகை மெய்ப்பாட்டிலும் இன்றைய நரம்பியல் முன்னரே கூறப்பட்டுள்ளதாக நிறுவ முயலும் கட்டுரைகள் பெருகிவருகின்றன. புலன்களின் எண்ணிக்கையால் உயிர்களை வகுத்த சிந்தனை பெருமைக்குரியது. அதனை அதன் காலத்தில் வைத்து விளக்குதலே அதற்குச் செய்யும் மதிப்பு. நரம்பணு, சினாப்ஸ் பற்றிய அறிவு நுண்ணோக்கியும் சாயமேற்றும் முறையும் மின்னளவியும் இன்றித் தோன்றியிருக்க இயலாது. பழைய நூற்பாவில் புதிய அறிவியலைக் காண்பது ஆய்வுக்கு எளிய வழியாகத் தோன்றலாம். ஆனால் அவ்வழி அறிவியலாரின் நம்பிக்கையைத் தமிழ்த்துறை இழக்கச் செய்கிறது. தொல்காப்பியம் உண்மையில் கூறுவதையும் மறைக்கிறது.

மறுப்புகளும் விடையும்

ஆய்வுலகின் மொழி ஆங்கிலமாயிருக்கத் தமிழில் எழுதுவதால் மாணவர்க்கு என்ன பயன் என்னும் மறுப்பு முதன்மையானது. இதற்கு நரம்பியலின் தந்தை எனப்படும் கஹாலின் வாழ்வே விடை. அவர் 1888இல் தம் கண்டுபிடிப்புகளைத் தாமே தொடங்கிய இசுப்பானிய மொழி இதழில் வெளியிட்டார். அவை போதிய கவனம் பெறவில்லை. அடுத்த ஆண்டு பெர்லினில் கூடிய செருமானிய உடற்கூற்றியலாரிடம் தம் நுண்ணோக்கித் தகடுகளை நேரிற் காட்டினார். கோலிக்கர் போன்ற பெரியோர் அதன்பின் அவரை ஏற்றனர். 1906இல் கோல்கியோடு நோபல் பரிசையும் பெற்றார். தம் மொழியில் எழுதியமையால் மட்டும் அவர் புகழ் பெறவில்லை. பிறமொழியார் முன் நின்றமையால் தம் மொழியைக் கைவிடவும் இல்லை. நம் மாணவர்க்கு வேண்டுவதும் இவ்விருமொழி வன்மையே.

அறிவியல் விரைந்து மாறுவதால் தமிழ்நூல் பழமையாகிவிடும் என்பர். அதனாலேயே தடித்த நூலினும் ஆண்டுதோறும் புதிதாக எழுதப்படும் குறுங்கட்டுரைகள் இப்பணிக்குப் பொருத்தமானவை. தமிழ்த்துறையினர்க்கு அறிவியல் தெரியாது என்பர். வெராலுக்கும் தெரியாது. அவர்க்குத் தம் மொழி தெரிந்திருந்தது, கேட்பாரும் இருந்தனர். அறிவியற் பேராசிரியர் கேட்கவும், தமிழ்ப் பேராசிரியர் செவிகொடுக்கவும் ஒரு நிலையான இடம் பல்கலைக்கழகத்தில் இல்லாமையே குறை.

செய்யத்தக்கன

இக்குறையை நீக்கப் பெருநிதியோ புதிய நிறுவனமோ தேவையில்லை. முதலாவதாக, உயிரியல் துறைகளில் முதுநிலை ஆய்வேட்டோடு எட்டு முதல் பத்துப் பக்க அளவில் தமிழ்ச் சுருக்கம் ஒன்றை மாணவர் எழுதலாம். அதனைத் தமிழ் முனைவர்பட்ட ஆய்வாளர் ஒருவர் மாணவரோடு அமர்ந்து படித்துத் திருத்தலாம். இப்பணி ஆய்வாளரின் கல்விப்பணியாகக் கணக்கிடப்படவேண்டும். இல்லையெனில் ஆர்வமுள்ள ஓரிருவரோடு நின்றுவிடும்.

இரண்டாவதாக, முதுகலைத் தமிழில் 'அறிவியல் தமிழ்' விருப்பப்பாடம் வரலாற்றையும் நூற்பட்டியலையும் மட்டும் கற்பிக்காமல், ஓர் அறிவியற்பொருளை எடுத்து எழுதும் பயிற்சியாக மாறவேண்டும். நரம்பு மண்டலம் அதற்கு ஏற்ற பொருள். தூரனின் உரைநடையும் கிறீனின் மருத்துவ நடையும் இன்றைய பள்ளிநூல் நடையும் ஒப்பிட்டுக் கற்கப்படலாம்.

மூன்றாவதாக, வலி, வலிப்பு, மயக்கம், மறதி, கைகால் இழுத்தல் முதலியவற்றைக் குறிக்கும் கொங்கு வட்டாரச் சொற்களைத் தொகுத்து, அவை எந்நோய்நிலையைச் சுட்டுகின்றன என மருத்துவரோடு சேர்ந்து பொருள்வரையறை செய்யவேண்டும். 'காக்காய் வலிப்பு' போன்ற வழக்குகளோடு ஒட்டிய அச்சமும் இழிவும் இத்தொகுப்பில் பதிவாகவேண்டும். அவற்றை விலக்கிப் பேச அப்போதுதான் வழி பிறக்கும்.

நான்காவதாக, மொழியும் மூளையும் பற்றிய தமிழ் ஆய்வேடுகளுக்கு உயிரியல் அல்லது மருத்துவத் துறையிலிருந்து இணை நெறியாளர் ஒருவரை அமர்த்த விதிகள் இடந்தரவேண்டும். இவ்விணைப்பு இன்றி எழுதப்படும் ஆய்வேடுகள் ஒரு துறையாரால் மட்டுமே மதிப்பிடப்பட்டு, மற்றைத் துறையார் காணாமலேயே அடங்கிவிடும்.

முடிவுரை

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் 'தரணி' என்னும் பெயரில் மனிதக் கரு மூளையின் வரைபடத் தொகுப்பை உலகிற்குத் திறந்து வைத்தது. 5,132 மூளை வெட்டுத்தளங்கள் அதில் எண்மவடிவில் உள்ளன. யாரும் கட்டணமின்றிக் காணலாம். ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்களாகப் பெருகவிருக்கும் உறுப்பின் தொடக்க நிலைகள் தமிழ்நாட்டின் ஆய்வகம் ஒன்றில் படமாக்கப்பட்டுள்ளன. அப்படங்களில் அடையாளங்காணப்படும் பகுதிகளுள் எத்தனைக்குத் தமிழில் நிலைபெற்ற பெயர் உண்டு? பெயர் இருப்பினும் அதனைக்கொண்டு ஒரு பத்தி எழுத வல்லார் எத்தனை பேர்?

இவ்வினாக்களுக்கு அறிவியல் துறைகள் மட்டும் விடை சொல்ல இயலாது. சேலத்தில் 1916இல் சொற்களைத் தேடத் தொடங்கிய கொங்குநாடு, கோவையில் 1948இல் இதழ் கண்டது. 1960இல் தமிழ்வழிப் பட்டவகுப்பு கண்டது. முதுநிலை என்னும் அடுத்த படி இன்னும் ஏறப்படாமல் உள்ளது. உயிரியல் மாணவரும் தமிழ் மாணவரும் ஒரே வளாகத்தில் பயிலும் பல்கலைக்கழகங்கள் அப்படியை வரும் கல்வியாண்டிலேயே ஏறலாம். ஒரு துறையின் பத்து ஆய்வேடுகளுக்குப் பத்துத் தமிழ்ச் சுருக்கங்கள் என்னும் அளவிலேனும் தமிழ்த்துறைகள் முன்வந்து இப்பணியைத் தொடங்கவேண்டும்.